கை நீட்டினால்

என் வீட்டுக்காரிக்கு எதிரில் யாரும் வெறுங்கையை நீட்டக் கூடாது. நீட்டினால் அதில் எதையாவது வைத்துவிடுவாள். மெல்ல வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. பட்டென்று, உள்ளங்கை சிவக்கும்படி வைப்பாள். கரண்டி என்றால் காம்பு சரியாக நம் விரல்களுக்குள் வந்து உட்காரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பூங்கா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் ஆசையாகக் கையை நீட்டினேன். விரல்களைக் கோத்துக்கொள்வாள் என்று பார்த்தால் தண்ணீர் பாட்டிலை வைத்தாள், அதுவும் மூடியைத் திறந்து. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே யாரோ ஒருவருடைய நாயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மூளை அறுவை சிகிச்சை தியேட்டரில் நர்ஸ். முதலில் வார்டில்தான் போட்டார்களாம். நோயாளிகளிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசத் தெரியவில்லை, உம்மென்று இருக்கிறாள் என்று புகார் மேல் புகார். சரி, இவளை மயக்கத்தில் இருப்பவர்களிடம் விட்டுவிடலாம் என்று தியேட்டருக்குத் தள்ளினார்கள். அங்கே போய் அவள் பிடித்த இடம்தான் என் வயிற்றெரிச்சலுக்கு ஆரம்பம்.

அந்தத் தியேட்டரின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். நான் மட்டும் மகராசன் என்பேன். அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எடுக்க முடியாது. உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு ரத்தக்குழாய் இருக்கும், பார்வை நகர்ந்தால் போச்சு. அதனால் என்ன வேண்டுமோ அதற்குக் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார். வேண்டியது அந்தக் கையில் வந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரி குள்ளம். அவர் தோளுக்கு ஒட்டினாற்போல் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் ஏறி நின்று, அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே எத்தனையோ வருடம்.

"அவர் வாய் தொறந்து கேக்கிற மாதிரி வெச்சுக்கிட்டா அது எனக்குக் கேவலம்ங்க" என்பாள் பெருமையாக.

இதே மகாராணியிடம் வீட்டில் நான் சீப்பைத் தேடிக்கொண்டு தலைவிரி கோலமாக நின்றால், "வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே, எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று கேட்பாள். கேட்பவனுக்கு எப்படி இருக்கும்? எங்கள் மகள்கூடப் பேச்சு வருவதற்கு முன்பே கை நீட்டக் கற்றுக்கொண்டாள். விவரமான பிள்ளை. இப்போது வெளியூர் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள்.

என் அக்கா செய்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. கல்யாணமாகி சில மாதம் இருக்கும். அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். இவள் வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு முடியல அண்ணி. பெரிய டாக்டர் காலையில இருந்து கை நீட்டிக்கிட்டே இருந்தாரு."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "கை நீட்டினானா? உன் மேலயா? நீ என்ன பண்ணுன?"

"நான் என்ன பண்றது? நீட்ட நீட்டக் குடுத்துக்கிட்டே இருந்தேன்."

"சபாஷ்! அப்படிக் குடு" என்றாள் அக்கா. ஆனாலும் மனசு ஆறவில்லை. மறுநாள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், மகராசனின் அறை வாசலில் நின்று, பொம்பளைப் பிள்ளை மேல கை நீட்ட உனக்கு என்ன தைரியம் என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கை நீட்டாம நான் எப்படிம்மா ஆபரேஷன் பண்றது?" என்றாராம். ஆஸ்பத்திரியே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா சண்டை போட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் குடும்பத்தோடு கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். நீள மேசை. மகராசன் யாருடனோ பேசிக்கொண்டே இடது பக்கம் கையை நீட்டினார். இரண்டு நாற்காலி தள்ளி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்த இவள், பேச்சை நிறுத்தாமலே எட்டி உப்புக் குப்பியை அவர் கையில் வைத்தாள். அவர் உப்பைத் தூவிக்கொண்டார். நன்றி கிடையாது, திரும்பிப் பார்ப்பது கிடையாது. அவர் மனைவி பக்கத்திலேயேதான் இருந்தார், அந்த அம்மாள்கூட இதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் காதில் புகை வந்தது. அன்று சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

சந்தேகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மாதிரி ஆள் அவரும் இல்லை, இவளும் இல்லை. சந்தேகமாக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். இவள் கவனம் முழுக்க ஒருவர் கையில் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் மீதிதான் எனக்கு. அதற்கு எந்தப் பஞ்சாயத்தில் போய்ப் பிராது கொடுப்பது?

என் வேலை கார் ஓட்டக் கற்றுத் தருவது. பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கில் வலது காலை வைத்திருப்பேன். ஒரு நாள் காலை, ஒரு பேராசிரியர் அம்மாள் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இரண்டு கார்கள் ஒட்டிக்கொண்டு போயின. இடிக்கப் போகிறார் என்று பிரேக்கை ஒரே மிதி.

"ஏன் சார் நிறுத்தினீங்க? ரோட்ல ஒரு கார்தான் போகுது" என்றார் அந்த அம்மாள்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு கார்தான். இரண்டு கண்ணாலும் பார்த்தால் இரண்டு. தூக்கம் போதவில்லை என்று வீட்டுக்கு வந்து படுத்தேன். இவள் ஷிப்ட் முடிந்து வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். என் இடது இமை பாதி இறங்கியிருந்ததாம். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, டார்ச்சை அடித்து, "மேல பாருங்க. கீழ பாருங்க. இந்தக் கண்ணு ஏன் வெளிப்பக்கமா போகுது?" என்றாள். அத்தனை வருடத்தில் அவள் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். அன்யூரிசம். பல வருடமாக அவள் வாயில் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன வார்த்தை. ஒருமுறை அவளே எனக்குப் புரிகிற மாதிரி சொல்லியிருந்தாள்: "டயர் பக்கவாட்டுல புடைச்சா நீங்க வண்டிய எடுக்க விடுவீங்களா? அதேதான். ரத்தக்குழாய்ச் சுவர் ஒரு இடத்துல மெலிஞ்சு பை மாதிரி புடைக்கும். வெடிச்சா ஆள் போயிடும். பையோட கழுத்துல கிளிப் போட்டு மூடிட்டா ரத்தம் உள்ள போகாது." என் பை கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வெடிப்பதற்கு முன்னால் தெரிகிற எச்சரிக்கை அது.

மண்டையைத் திறக்காமல், தொடையில் குழாய் விட்டு, பைக்குள் கம்பிச்சுருள் அடைக்கிற வழி ஒன்று உண்டு. அந்தப் பிரிவுக்காரர்கள் வந்து படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். என் பைக்குக் கழுத்தே இல்லையாம், வாய் அகலமாம், சுருளை வைத்தால் வெளியே வழிந்துவிடுமாம். போதாததற்கு நூல் மாதிரி ஒரு சின்னக் குழாய் பையின் அடியிலிருந்தே கிளம்பி, பைமேல் ஒட்டிக்கொண்டு போகிறது. அது அடைபட்டால் வலது கையும் வலது காலும் போய்விடும். என் பிழைப்பே அந்த வலது காலில்தான் இருக்கிறது. திறந்துதான் செய்ய வேண்டும் என்று முடிவானது.

மகராசன் என் கட்டிலுக்கு வந்து, நிதானமாகவே சொன்னார். என் கழுத்தைத் திறந்து, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைப் பிடித்து வைத்துக்கொள்வார். பைக்கு மேலும் கீழும் தற்காலிகக் கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தி, அந்தக் கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்தை உறிஞ்சிப் பையைச் சுருங்க வைப்பார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வளையம் வைத்த கிளிப்புகளைப் பை முளைத்த குழாயைச் சுற்றி மாட்டி, பையை மூடி, அந்தச் சின்னக் குழாயைத் தப்ப வைக்க வேண்டும்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொந்தக்காரங்க தியேட்டருக்குள்ள நிக்கக் கூடாதுங்கிறது இங்க விதி. ஆனா இந்தக் கேஸுக்கு சிஸ்டர் இருந்தா எனக்கு நல்லது. மேல பேசி அனுமதி வாங்கிடுவேன். உங்களுக்குச் சம்மதமா?"

நான் இவளைப் பார்த்தேன். இவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஸ்டூல் மேல் ஏறத் தயாராக. என் தலைக்குள் இருக்கும் பை இருக்கட்டும், வயிற்றுக்குள் ஏதோ வெடித்தது.

"சம்மதமில்ல" என்றேன்.

"உங்க விருப்பம்" என்று அவர் போய்விட்டார். இவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"எல்லார் பொண்டாட்டியும் வெளிய உக்காந்து புருஷன் வருவானான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. எனக்கு மட்டும் உள்ள நின்னு அவருக்கு எடுத்துக் குடுப்பியா? நீ வெளிய உக்காரு. ஒரு நாளாவது எனக்காக உக்காரு."

"அவருக்கா குடுக்கறேன்? உங்களுக்குத்தானே குடுக்கறேன்!"

"வைக்கிறது அவர் கையிலதானே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வெளிய உக்காந்தா என் கைய எங்க வெச்சுக்குவேன்?" என்றாள். எனக்கு அப்போது அந்தப் பேச்சு விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன். உயிர் என்னுடையது, பொண்டாட்டியும் என்னுடையவள். நான் கேட்டது தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

அவளுக்குப் பதில் நிற்கப் போவது நெட்டை சிஸ்டர். அதே தியேட்டரில் பல காலமாக இரண்டாவது இடத்தில் இருப்பவள், இவளுக்குத் தோழி மாதிரியும் இருப்பாள், பங்காளி மாதிரியும் இருப்பாள். செய்தி தெரிந்ததிலிருந்து இவள் முகம் சுண்டிப்போய்விட்டது.

"அவ கைகாரிதான். ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ஆனா..."

"ஆனா என்ன?"

"அவளுக்கு ஸ்டூலே வேண்டாம்" என்றாள், ஏதோ நெட்டையாகப் பிறந்தது அவள் செய்த அடாவடி என்பது போல.

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் பொறாமையை அளந்து பார்க்க இவ்வளவு நாளாக ஆள் இல்லாமல் இருந்தது. இதோ, என் கட்டில் ஓரத்திலேயே ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நெட்டை சிஸ்டர் அறைக்கு வந்தாள். இரண்டு பேரும் என் சாப்பாட்டுத் தட்டைக் காலிசெய்து, ஸ்பூன், முள்கரண்டி, பல்குச்சி, சட்டை பின் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வரிசையாக வைத்தார்கள். என் வீட்டுக்காரி டாக்டர் ஆனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கையை நீட்டினாள். அவள் கை நீட்டி நான் பார்த்ததே இல்லை. நெட்டை ஸ்பூனை வைத்தாள்.

"இல்ல. வளையக் கிளிப் கேட்டேன்."

"எங்கடி கேட்ட? வாயே தொறக்கல."

"கட்ட விரலப் பாரு. கொஞ்சம் உள்ள மடங்கியிருக்கு பாரு. நேர் கிளிப்னா நேரா இருக்கும்."

நெட்டை குனிந்து பார்த்தாள். நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். உண்மைதான், மயிரிழை மடங்கியிருந்தது.

"அவரு கட்ட விரலெல்லாம் இவ்வளவு பாக்கறியே, உன் வீட்டுக்காரர் கட்ட விரல என்னிக்காவது பாத்திருக்கியாடி?" என்று நெட்டை சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. இவள் கையை மறுபடி நீட்டினாள்.

மறுநாள் காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவு வரை இவள் கூடவே வந்தாள். கதவு திறந்தது. பழக்கத்தில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வெளியே நடந்தது என் அக்கா சொன்னது. இவள் பெஞ்சில் போய் உட்கார்ந்து, எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அழவும் இல்லை, சாமியைக் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கைப்பைக்குள் போய்ச் சீப்பை எடுத்தது. பக்கத்தில் கொடுக்க ஆள் இல்லை. மறுபடி உள்ளே வைத்தது. மறுபடி எடுத்தது. அக்காவால் பார்க்கச் சகிக்கவில்லை. பேசாமல் தன் உள்ளங்கையை விரித்து அவள் பக்கம் நீட்டினாள். சீப்பு பட்டென்று வந்து விழுந்தது.

"அப்புறம் விட்டாளா? சாவி, பேனா, கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி. நான் வாங்கி வாங்கி அவ பையிலயே திரும்பப் போட, அவ மறுபடி எடுத்துக் குடுக்க. என் கை வீங்கிப்போச்சுடா" என்றாள் அக்கா.

நடுவில் உள்ளிருந்து ஒரு ஊழியர் ரத்தம் வாங்க ஓடியிருக்கிறார். "கழுத்துல பிடிச்சாச்சு, டெம்பரரி போட்டாச்சு சிஸ்டர்" என்று போகிற போக்கில் சொன்னார். உடனே இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தியேட்டரில் அந்தத் தற்காலிகக் கிளிப் போட்டதும், மூளைக்கு ரத்தமில்லாமல் எத்தனை நிமிடம் ஆகிறது என்று சத்தமாகச் சொல்வது இவள் வேலை. வீட்டில் பால் அடுப்பில் இருந்தால்கூட அப்படித்தான் கத்துவாள். அன்று பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்..." என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை. எண்ணிக்கை ஏற ஏற இவள் குரல் இறங்கிக்கொண்டே வந்ததாம். ஒரு கட்டத்தில் உதடு மட்டும்தான் அசைந்தது.

உள்ளே நடந்ததை நெட்டை சிஸ்டர் பிறகு சொன்னாள். பை சுருங்கியது. மகராசன் கையை நீட்டினார், கட்டை விரல் மடங்கியிருந்தது, வளையக் கிளிப் போனது. இரண்டாவதும் போனது. ரத்தத்தில் ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாக் குழாயும் ஒளிர்கிறது, அந்த நூல் குழாய் மட்டும் இருட்டு. கிளிப் அதைக் கடித்துக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் மகராசன் கையை நீட்டியபடி, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து ஒரே ஒரு தடவை பக்கத்தில் திரும்பிப் பார்த்தாராம். ஸ்டூல் இருக்கும் உயரத்துக்கு. அங்கே யாரும் இல்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

"நான் பக்கத்துலயேதான் நிக்கறேன், என் மூஞ்சியப் பாக்கல. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க" என்றாள் நெட்டை. சொல்லவா வேண்டும்? அவளையும் எங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் முறை வைத்த கிளிப் சரியாக உட்கார்ந்தது, நூல் குழாய் ஒளிர்ந்தது.

நான் கண் விழித்தபோது தலையில் கட்டு. ஒரு கண் திறந்தது, இன்னொன்று திறக்கவில்லை. அந்தக் கண் நரம்பு தேற மாதக்கணக்காகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கட்டிலுக்கு வலது பக்கம் இவள். அவளுக்கு அந்தப் பக்கம் மகராசன்.

"பேர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். குழறினாலும் வந்தது.

"வலது கைய நீட்டுங்க."

எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. நீட்டாமல் இருந்தால் தெரியாமலே இருக்கலாம் என்று தோன்றியது. நீட்டினேன். கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து, உள்ளங்கை மேலே தெரிய நின்றது.

இவளுடைய கை சட்டென்று பக்கத்தில் எதையோ தேடப் போனது. அங்கே மருந்துத் தட்டு இருந்தது, தண்ணீர் இருந்தது, பஞ்சு இருந்தது. எதையும் எடுக்கவில்லை. குனிந்து என் கட்டை விரலைப் பார்த்தாள். நல்ல வெளிச்சத்தில், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் கையை என் கையில் வைத்தாள். வைத்தாள் என்றால் அவள் வழக்கப்படி, பட்டென்று.

"ஆ!" என்றேன்.

"வலிக்குதா?" என்றார் மகராசன்.

"வலிக்குது."

"நல்லது. உணர்ச்சி இருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே, என் கண்ணைச் சோதிக்க, பார்க்காமல் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். இவளும் அவரைப் பார்க்கவில்லை. என் கட்டை விரலையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அவளுடைய மறு கை சட்டைப் பைக்குள் போய் டார்ச்சை எடுத்து, பட்டென்று அவர் கையில் வைத்தது.

என் வயிறு பழையபடி எரிந்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடி நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.